கொம்மடிக்குடிப் பள்ளியில் சிந்திய முப்பத்திரண்டு மஞ்சாடி

நெல்லும் நீரும் நீங்காது நிற்க. எண்ணும் எழுத்தும் இடையறாது வளர்க. மூன்று ஆறுகளும் தத்தம் கரைக்குள் அடங்கி ஓடுக.

மூவாற்று நாட்டை முழுதும் ஒரு குடை நிழலில் இருத்தி, வழக்கு என்று வந்தவரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து உட்காரவைத்துக் கேட்கும் பெருமாட்டி கொற்றநங்கை தேவியார், மணிமதில் நகரத்துச் சித்திர மண்டபத்தில் வீற்றிருந்து அருளியபடி, கழிமுகக் கூற்றத்தை ஏழாண்டாகக் காத்துவரும் நாடாள்வார், அலைவாய்க் கோட்டைக்கு உடையவர், தேரும் குதிரையும் பேணுவதில் நிகரற்றவர், ஏறன் சாத்தனார் கண்டு மகிழ விடுக்கும் ஓலை. திருவாய் மொழியைக் கேட்டு எழுதுபவன் ஓலைநாயகம் பனம்பாடி ஓரி நம்பி.

தங்கள் கோட்டையும் கோட்டைக்குள் இருப்போரும் நலமா? சென்ற மழையில் சரிந்த வடக்கு மதில் எழும்பிற்றா? தங்கள் முழங்கால் வலிக்கு அரண்மனை மருத்துவர் அனுப்பிய தைலம் கேட்டதா? இங்கே தேவியார் நலம். நகரம் நலம். எழுதுகிற கைக்குத்தான் கொஞ்சம் நடுக்கம், எழுபது வயதில் அது நடுங்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

தாங்கள் ஆவணிக் கடைசியில் விடுத்த ஓலை அவையில் வாசிக்கப்பட்டது. கொம்மடிக்குடிப் பள்ளியின் ஆசிரியர் தாமன் எண்ணத் தெரியாதவர் என்பது பள்ளிக் கணக்கை ஆராயும் அரசாங்கத்து எண்ணாய்வாள் சேந்தி நங்கையின் ஓலையாலேயே வெளிப்பட்டதென்றும், ஆகவே பள்ளியைப் பூட்டிவிட்டதாகவும், அங்கே படித்த முப்பத்தொரு பிள்ளைகளும் இனி ஆற்றைக் கடந்து கோட்டைப் பள்ளிக்கு வரலாமென்றும், காலியான கட்டடம் தேர்க்கொட்டகைக்கு ஏற்ற நீளம் உடையதென்றும் எழுதியிருந்தீர்கள். நீளம் எத்தனை கோல் என்பதையும் அளந்தே எழுதியிருந்த தங்கள் அக்கறையைக் கண்டு அவை வியந்தது. ஐப்பசி வெள்ளம் வந்தால் மூன்று திங்கள் ஓடம் கிடையாதே, பிள்ளைகள் எதில் ஏறி வருவார்கள் என்பதை மட்டும் தாங்கள் எழுத மறந்துவிட்டீர்கள்.

அந்த ஓலைக்கு மறுமொழி இது. ஆகும், ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே என்று இதை எழுதுபவன் கைநடுக்கத்தைக் காட்டி விண்ணப்பித்துப் பார்த்தான். எப்படி நடந்தது என்பது தெரியாமல் ஆணை மட்டும் போனால், நடந்தது மறுபடியும் நடக்கும் என்று தேவியார் அருளிவிட்டார். ஆகவே நடந்ததெல்லாம் நடந்தபடி வருகிறது. நாடாள்வார் நடுவில் எழுந்து லாயத்துக்குப் போய்விடாமல் கடைசி ஏடுவரை கேட்டருள வேண்டும்.

நாட்டிலுள்ள நூற்றெட்டுப் பள்ளிக்கும் கணக்குக்கு ஒரே நூல், கையால் தொட்டு எண்ணிப் பழக ஒரே பொருட்பெட்டி என்று சென்ற சித்திரையில் தேவியார் திருவுளம் கொண்டதும், அவற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சேந்தி நங்கையிடம் வந்ததும் தாங்கள் அறிந்ததே. சாயக்காரத் தெருவில் பிறந்து, நூலுக்கு எத்தனை படி நீர், நீருக்கு எத்தனை பிடி அவுரி என்று பார்த்துப் பார்த்தே கணக்கில் ஏறியவள் சேந்தி. எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. சித்திர மண்டபத்துத் தூண்கள் ஒரு பக்கம் பதினேழும் மறுபக்கம் பதினாறும் ஏன் என்று கேட்டு, நம் சிற்பத் தலைவரை மூன்று நாள் சாப்பிட விடாமல் செய்தவள் அவளே. அந்தக் குணத்துக்காகத்தான் தேவியார் அவளைத் தேர்ந்தார், அவையில் பலர் அவளைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவதும் அதே குணத்தால்தான்.

மூன்று நூல்கள் அவள் முன் வந்தன. முதலாவது, நகரத்துப் புலவர் அவையார் பாட்டாகக் கட்டிய வாய்பாட்டு நூல். பிள்ளைகள் கூடி நின்று கூவுவதற்கு இதைவிட இனியது இல்லை. இரண்டாவது, துறைமுகத்துக் கணக்கர் ஒருவர் தம் புலமை எல்லாம் தெரியும்படி எழுதியது. முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரியை முதல் ஏட்டிலேயே வைத்திருந்தார். ஐந்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டால் அன்றைக்கே காய்ச்சல் வந்து படுத்துவிடும். மூன்றாவது நூல் மெலிந்தது, இருபதே ஏடு. அதனோடு ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் ஐந்நூறு சிவந்த மஞ்சாடி விதைகள். காதால் கேட்ட எண் காதோடு போகும், கையால் தள்ளிய எண்தான் தங்கும் என்பது அந்நூலின் கொள்கை. அதை ஆக்கியவள் சேந்தியே.

தன் பெட்டியைத் தானே தேர்ந்துகொண்டாள் என்ற பேச்சு வரக்கூடாது என்று அவள் மூன்று நூலையும் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போனாள். நகரத்துப் பள்ளிகள் மூன்றிலும் மலைக்கூற்றத்துப் பள்ளிகள் நான்கிலும் மஞ்சாடி கொடி கட்டிப் பறந்தது. கூட்டலுக்கு அழுத பிள்ளைகள் விதையைத் தள்ளித் தள்ளிச் சிரித்தன. சேந்திக்கும் உள்ளுக்குள் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று, அதை அவளே பின்னர் அவையில் ஒப்புக்கொண்டாள். எட்டாவதாக அவள் வந்து இறங்கிய இடம் தங்கள் கொம்மடிக்குடி.

நீண்ட ஓலைக் கூரை, மண்தரை, தரையில் கோரைப்பாய்கள், முப்பத்தொரு பிள்ளைகள். ஆசிரியர் தாமன் முப்பது வயதுக்காரர். அதே ஊரார், அதே பாயில் உட்கார்ந்து படித்தவர், அதிகாரிகளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் இயல்பினர். சேந்தி முதலில் பாட்டு நூலை எடுத்தாள். ஒரு நண்டுக்குக் கால் எட்டானால் ஏழு நண்டுக்கு எத்தனை என்று அதில் ஒரு கேள்வி. பாதிப் பிள்ளைகள் ஐம்பத்தாறு என்றன. மறுபாதி எழுபது என்று நின்றன. நண்டுக்குக் கொடுக்கு இரண்டையும் சேர்த்தால் பத்து, கொடுக்கைக் கால் என்று எண்ணாதவன் அதனிடம் கடி வாங்கியதில்லை என்பது அவர்கள் வாதம். பாட்டைக் கட்டிய புலவர் நண்டைக் குழம்பில் மட்டுமே பார்த்தவராக இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தாரின் பெருக்கலும் சரியாக இருந்ததைக் கண்ட சேந்தி மகிழ்ந்து போனாள். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் தன் பெட்டியைத் திறந்தால் என்னதான் நடக்காது என்று நினைத்துக்கொண்டே மூடியைத் தூக்கினாள்.

அங்கே பிடித்தது சனி. ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லிவிடக் கூடாதென்று ஆளுக்கொரு தொகையாக விதைகளைப் பாயில் வைத்து, எத்தனை என்று கேட்டாள். ஒன்பது வைத்த பிள்ளை எட்டு என்றது. பன்னிரண்டு வைத்தது பதினொன்று என்றது. இருபதுக்குப் பத்தொன்பது. ஒரு பிள்ளைக்கு ஏழும் ஐந்துமாக வைத்து ஒன்றாய்த் தள்ளி எண்ணச் சொன்னாள், பதினொன்று என்றது. விதையைத் தொடாமல் வாயால் ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் பன்னிரண்டு என்று கூரை அதிரச் சொன்னார்கள். பாயிலே பதினொன்றுதான் இருக்கிறதா என்று கேட்டால், பதினொன்றுதான் என்று அடித்துச் சொன்னார்கள். முப்பத்தொரு பிள்ளைகளில் ஒருவராவது தப்பித் தவறிச் சரியாகச் சொல்ல வேண்டுமே, இல்லை. கடைசியில் ஆசிரியரையே எண்ணச் சொன்னாள். பதினைந்தை அவர் மெள்ள மெள்ளத் தள்ளி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பதினான்கு என்றார்.

சேந்திக்கு எரிச்சல் தலைக்கேறியது. வாய் சரியாகச் சொல்கிறது, கை தவறாகச் சொல்கிறது என்றால் அவள் பத்தாண்டு கட்டிய கொள்கை என்னாவது? அந்த எரிச்சலில் அங்கேயே எழுத்தாணியை எடுத்தாள். பிள்ளைகள் விதைகளைத் தரையில் சிந்துகிறார்கள், கவனம் இல்லை, ஆசிரியர் தாமே எண்ணத் தெரியாதவர், இப்பள்ளி தகுதியற்றது என்று நான்கு வரி கீறி, தன் குறியிட்டு, ஓட்டக்காரன் கையில் கொடுத்துத் தங்கள் கோட்டைக்கு அனுப்பிவிட்டாள். தாமன் அருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூலையில் உட்கார்ந்து தம் விரல்களையே மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்துக்கொண்டார். அந்தக் காட்சி தன் நெஞ்சை விட்டு இன்னும் போகவில்லை என்று சேந்தி சொல்கிறாள்.

வெயில் சாய்ந்ததும் அவள் பெட்டியைக் கட்டப் போனாள். விதைகளை எண்ணிப் போடுவது அவள் வழக்கம். நானூற்று அறுபத்தெட்டு இருந்தது. குனிந்து பார்த்தால் பாய்களின் விளிம்பை ஒட்டி மண்தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு விதைகள். பொறுக்கி எண்ணினாள். முப்பத்திரண்டு.

அங்கேதான் அவள் கை நின்றது. சிந்தியதுதான் என்றால் இருபது கிடக்கலாம், ஐம்பது கிடக்கலாம். ஒருவன் ஐந்து சிந்தியிருப்பான், ஒருத்தி ஒன்றும் சிந்தியிருக்கமாட்டாள். முப்பத்தொரு பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து தலைக்கு ஒன்றாக, கூடாமலும் குறையாமலும், எப்படிச் சிந்தினார்கள்? முப்பத்திரண்டு விதைகளையும் உள்ளங்கையில் வைத்து அவள் மறுபடியும் எண்ணினாள். எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அந்த இடத்தில் பழைய ஏன் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் புறப்பட வேண்டிய வண்டியை அவிழ்த்துவிடச் சொன்னாள்.

மறுநாள் காலை பிள்ளைகளுக்கு முன் அவளே வந்து பாயை விரித்தாள். கூழாங்கற்களை வைத்தாள், சரியாக எண்ணினார்கள். சங்கும் சிப்பியும் வைத்தாள், சரி. தென்னை ஈர்க்கு ஒடித்து வைத்தாள், சரி. மஞ்சாடி வைத்தாள், ஒன்று குறைந்தது. இம்முறை அவள் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்தாள். கல்லானால் பிள்ளை நேராக ஒன்று என்று தொடங்குகிறது. விதையானால் முதல் விதையைக் கட்டைவிரலால் பாய்க்கு வெளியே மண்ணில் வைத்துவிட்டு, அடுத்ததிலிருந்து ஒன்று என்கிறது. சிந்தவில்லை, வைக்கிறது. சிவப்பு நிறத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து மஞ்சாடியை நீக்கிக் கரும்பழுப்பான புளியங்கொட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். அதிலும் முதலாவது மண்ணுக்குப் போயிற்று. நிறமில்லை, எடையில்லை, வழவழப்பில்லை, பிறகு என்னதான் என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள். பிள்ளைகளைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்குமே என்று தாங்கள் சொல்லலாம். கற்றவர்களுக்குக் கேட்பது கடைசியில்தான் தோன்றுகிறது, தாங்களும் நானும் அதற்கு விலக்கல்ல.

உச்சிப்பொழுதில் பிள்ளைகள் கட்டுச்சோறு உண்ண மரத்தடிக்குப் போனார்கள். குமிழி என்று ஓர் ஏழு வயதுப் பெண், மடியில் எதையோ வைத்துக் கடுக்குமுடுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் புளியங்கொட்டை. எத்தனை வைத்திருக்கிறாய் என்று சேந்தி வெறுமனே கேட்டாள். அவள் மடியிலேயே எண்ணிப் பதினான்கு என்றாள். சேந்தி எண்ணிப் பார்த்தாள். பதினான்கேதான்! காலையில் இதே பெண், இதே புளியங்கொட்டை, ஒன்று குறைத்துச் சொன்னாள். இதற்கு மட்டும் ஏன் முதலாவதை மண்ணில் வைக்கவில்லை என்று சேந்தி கேட்டே விட்டாள். சான்று சொன்னவர் சொல்லைச் சொன்னபடியே கீற வேண்டும் என்பது நம் ஓலைக்கூடத்து முறையாதலால் அந்தப் பெண் சொன்னது அப்படியே வருகிறது.

“இது வறுத்ததுங்க. மண்ணுல போட்டா மொளைக்கவா போவுது?”

நாடாள்வார் அந்தக் கூற்றத்தில் ஏழாண்டு இருந்தும் அறியாத ஒன்றை இனி அறிவீராக. தங்கள் கழிமுகத்தில் முளைக்கக்கூடிய எதையும் கையால் எடுத்து எண்ணினாலும் சரி, மரக்காலால் அளந்தாலும் சரி, முதலாவது மண்ணுக்கு. நெல்லானால் முதல் மரக்கால் வரப்போரத்துக்கு, விதையானால் முதல் விதை காலடி மண்ணுக்கு. ஆற்று உப்பு ஏறி வயல் கரித்துப்போன பழங்காலத்தில், இப்படித் தெறித்துக் கிடந்த விதைகள்தாம் மேட்டில் முளைத்து ஊரைக் காத்தன என்கிறார்கள். அன்றிலிருந்து இந்த வழக்கம். நடக்கத் தெரியாத குழந்தைகூட அவரைக் கொட்டையைப் பிடித்தால் முதலாவதைக் கீழே போடும். அதைத் தொகையில் சேர்க்கும் எண்ணம் அங்கே ஒருவருக்கும் இல்லை. வறுத்த கொட்டை முளைக்காது, கல் முளைக்காது, ஆகவே அவற்றில் மண்ணுக்குப் பங்கில்லை.

சேந்தி ஓடிப்போய்த் தாமனிடம் சொன்னாள். பதினைந்து வைத்தேன், நீர் ஒன்றை மண்ணுக்கு வைத்துவிட்டுப் பதினான்கு என்றீர், அந்த ஒன்றையும் சேர்த்து எண்ணுவதுதான் எங்கள் வழக்கம் என்று விளக்கினாள். அவர் அவளை அப்படியே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நிம்மதியும் இல்லை, வெறும் ஆச்சரியம் மட்டும் இருந்தது.

“அது மண்ணோடதாச்சேம்மா. மண்ணு சொத்தப் போயி நாம எப்படி எண்ணுறது?”

சேந்தி அவர் முன் கைகூப்பி, தான் எழுதியது தவறு என்றாள். அவர் பதறிப்போய் அப்படிச் செய்யக்கூடாது என்றார். இருவரும் மாறி மாறிக் கைகூப்பிக்கொண்டு நின்ற அந்த வேளையில்தான் தங்கள் காவலர் பூட்டோடு வந்து சேர்ந்தார்கள்.

தங்கள் சுறுசுறுப்பைத் தேவியார் குறை சொல்லவில்லை. பள்ளியைப் பூட்ட எண்ணாய்வாள் ஓலை போதும், திறக்க அரச முத்திரை வேண்டும் என்பது நம் முன்னோர் வைத்த விதி. ஆகவே சேந்தி வாசலில் நின்று எவ்வளவு சொல்லியும் காவலர் கேட்கவில்லை. அவள் எழுதிய ஓலையையே அவளிடம் காட்டினார்கள். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். குமிழி மட்டும், வெள்ளம் வந்தால் கோட்டைக்கு நீந்தியா போவது என்று காவலரைக் கேட்டாள். காவலர் பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினார்கள்.

சேந்தி அன்றே வண்டியைப் பூட்டினாள். தன் ஓலையைத் தானே திரும்பப் பெறுகிறவர் அதை நிறைந்த அவையில் உரக்க வாசித்த பிறகே காரணம் சொல்லலாம் என்ற இன்னொரு விதியும் இருக்கிறது. அதற்கு அஞ்சியே நம் அதிகாரிகள் பலர் தவறு தெரிந்தும் சும்மா இருந்துவிடுகிறார்கள். புரட்டாசி ஆறாம் நாள் காலை அவள் நடுமண்டபத்தில் நின்று, ஆசிரியர் தாமே எண்ணத் தெரியாதவர் என்ற தன் வரியைத் தன் வாயாலேயே வாசித்தாள். பிறகு எண்ணத் தெரியாதவள் நானே என்றாள். புலவர் அவையார் பக்கத்திலிருந்து சிரிப்பு எழுந்தது, பெட்டியும் விதையும் இன்றோடு ஒழிந்தன என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அவளோ நண்டுக்கால் கதையை அந்த நேரத்திலும் எடுத்துச் சொல்லாமல் விட்டாள். அந்தப் பெருந்தன்மை இதை எழுதுபவனுக்கு இல்லாததால்தான் அது தேவியார் காதுக்கும் போயிற்று, மேலேயும் எழுதப்பட்டது.

தேவியார் சிரிக்கவில்லை. இது உண்மைதானா என்று அறிய ஆவல் கொண்டார். கழிமுகத்தில் பிறந்தவர் அரண்மனையில் யாரேனும் உண்டா என்று வினவ, நெல் குற்றும் கூடத்தில் வள்ளை என்பவள் இருக்கிறாள், வாழ்க்கைப்பட்டு நகரத்துக்கு வந்து முப்பது ஆண்டு ஆகிறது என்றார்கள். அவளை அழைத்துவந்தார்கள். ஏன் அழைத்தார்கள் என்று சொல்லவில்லை. அவள் கையில் மஞ்சாடி கொடுத்து, எத்தனை என்று மட்டும் கேட்டார் தேவியார். கொடுத்தவை பன்னிரண்டு.

வள்ளை மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். அங்கே பளிங்குத் தரை. இடப்புறம் பார்த்தாள், வலப்புறம் பார்த்தாள், எங்கும் கல். பிறகு அரசி முன் இருக்கிறோம் என்பதையும் மறந்தவளாய் எழுந்து, அறுபது முழ மண்டபத்தை நடந்து கடந்து, படியிறங்கி, முற்றத்து மல்லிகைப் பாத்தியில் ஒரு விதையை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். உட்கார்ந்து எண்ணினாள். பதினொன்று என்றாள். சிரித்த புலவரும் தம் மேலாடையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார்.

தேவியார் சேந்தியிடம் ஒன்று கேட்டார். முதல் விதையையும் சேர்த்து எண்ணும்படி ஆணையிட்டால் அந்தப் பிள்ளைகள் எண்ணுவார்களா? எண்ணுவார்கள் என்றாள் சேந்தி. ஆணைக்கு அஞ்சி ஒரே வாரத்தில் பழகிவிடுவார்கள், பத்தாண்டு கழித்து மண்ணில் விதை வைப்பதும் நின்றுபோகும், அதை நிறுத்துவதற்காகத் தேவியார் என்னை அனுப்பவில்லை என்றாள். அப்படியானால் உன் பெட்டியை என்ன செய்வது என்று தேவியார் கேட்டார். விதைகளை எடுத்துவிட்டு வெறும் பெட்டியாக அனுப்பலாம் என்றாள் அவள். பத்தாண்டு உழைப்பை அப்படிச் சொல்லும்போது அவள் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

அதன்மேல் தேவியார் அருளிய ஆணை வருமாறு. நூற்றெட்டுப் பள்ளிக்கும் பெட்டி வெறுமையாகவே போகும். எதை இட்டு நிரப்புவது என்பதை அந்தந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டு ஆசிரியர் முடிவு செய்க. கழிமுகத்தில் சிப்பியாகலாம், மலையில் கொட்டையாகலாம், அதில் அரசாங்கத்துக்குப் பேச்சில்லை. சேந்தியின் நூலே எல்லாப் பள்ளிக்கும் உரியது. ஆனால் அதன் முதல் ஏடு எழுதப்படாமல் இருக்கும், இவ்வூரில் எண்ணும் முறை யாது என்று பிள்ளைகளிடம் கேட்டறிந்து ஆசிரியர் அதில் எழுதிய பிறகே இரண்டாம் ஏட்டைத் திறக்க வேண்டும். வாய்பாட்டுப் பாடல்களைக் கூடிப் பாடுவதற்கு வைத்துக்கொள்க, நண்டுக்கால் பற்றிப் புலவர் அவையார் ஒருமுறை கடற்கரைக்குப் போய்வந்து திருத்துக. முந்திரிக் கணக்கர் நூல் பன்னிரண்டு வயதுக்கு மேல்.

கொம்மடிக்குடிப் பள்ளியை நாடாள்வார் ஏறன் சாத்தனார் தாமே நேரில் சென்று, ஊர் கூடி நிற்க, தம் கையால் திறப்பாராக. ஆசிரியர் தாமன் எண்ணத் தெரிந்தவர் என்று சேந்தி புதிதாகக் கீறிய ஓலையை வாசலில் நின்று வாசிப்பாராக. அன்று ஒரு பொழுது பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து நாடாள்வாரும் எண்ணிப் பார்ப்பது தேவியாருக்கு உவப்பாகும், முழங்கால் வலிக்குப் பலகை போட்டுக்கொள்ளலாம். தேர்களுக்கு வேறு கொட்டகை பார்க்க. ஐப்பசி பிறக்குமுன், ஓடம் ஓடுகையிலேயே, இவையாவும் முடிந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. பெட்டிகள் செய்து முடிந்து முற்றத்தில் அடுக்கப்பட்டபோது தேவியார் தாமே எண்ண வந்தார். முதல் பெட்டியைத் தம் கையால் எடுத்துத் தனியே மண்ணில் வைத்துவிட்டு, அடுத்ததிலிருந்து ஒன்று என்று தொடங்கினார். நூற்றேழில் முடிந்தது. ஆகவே கூற்றங்கள்தோறும் போகும் பட்டியலில் பெட்டி நூற்றேழு என்றே இருக்கும், பள்ளி நூற்றெட்டாயிற்றே, ஒன்று எங்கே என்று கேட்டு நாடாள்வார் ஓலை விட வேண்டாம். அந்தப் பெட்டி கொம்மடிக்குடிக்கு. இந்த ஓலையைக் கொண்டுவரும் சேந்தி நங்கையே அதைச் சுமந்து வருகிறாள். தங்கள் கூற்றத்து வழக்கப்படி முளைப்பதற்குத்தானே முதலாவது, இது வெறும் மரப்பெட்டியல்லவா என்று, எழுத்தில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற கவலையில், இதை எழுதுபவன் எடுத்துச் சொன்னான். தேவியார் அருளியதும் அருளியபடியே வருகிறது.

“இது முளைக்கும், நீர் எழுதும்.”

எழுதினேன். புரட்டாசித் திங்கள் பத்தொன்பதாம் நாள், முற்பகல், மல்லிகைப் பாத்தியில் வள்ளை வைத்த விதை இரண்டு இலை விட்டிருக்கக் கண்டு, ஓரி நம்பி என் கையெழுத்து. கொற்றநங்கை தேவியாரின் மூவலை முத்திரை இதன் கீழே இடப்பட்டது. முத்திரை கண்ட இடத்தில் பூட்டுத் திறக்க.